நண்பர்களோடு ஐரோப்பா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவைப் பற்றியவை. பள்ளித் தோழர்கள், கல்லூரித் தோழிகள், ஒன்றாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் குழுவாகச் சேர்ந்து கிளம்பத் திட்டமிடுகிறார்கள் என்பது மகிழ்ச்சி தருகிறது. எனவே இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த தோழிகள் ஆறு பேர். எல்லோருக்கும் 55 வயதுக்கு மேல் ஆகிறது. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் எல்லாம் முடிந்து, முதன்முறையாக நாங்கள் மட்டும் ஐரோப்பா போக நினைக்கிறோம். கையில் 15 நாட்கள் இருக்கின்றன. ஒரு பயண நிறுவனம் 9 நாடுகளைக் காட்டுவதாகச் சொல்கிறது. இவ்வளவு செலவு செய்து போகும்போது எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஆவல் நியாயமானதுதான். ஆனால் அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளையும் மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெட்டியைக் கட்ட வேண்டும். காலை எட்டு மணிக்குள் பேருந்தில் ஏற வேண்டும். நான்கைந்து மணி நேரம் நெடுஞ்சாலையைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு சதுக்கத்தில் முக்கால் மணி நேரம் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, இரவில் ஊருக்கு வெளியே உள்ள விடுதியில் போய்ப் படுக்க வேண்டும். இத்தனை வருடக் கதைகளைப் பேசித் தீர்க்கக் கிளம்பும் ஆறு தோழிகளுக்கு இது ஏற்ற பயணம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பாரிஸில் இறங்கி, ரோமில் விமானம் ஏறுமாறு டிக்கெட் எடுங்கள். இறங்கிய ஊருக்கே திரும்பி வருவதில் வீணாகும் ஒரு நாள் மிச்சமாகும். பாரிஸில் 3 இரவு, சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் 3, வெனிஸில் 2, ஃபுளோரன்ஸில் 2, ரோமில் 3 என்று வைத்தால் 13 இரவுகள் ஆகின்றன. மூன்று நாடுகள்தாம், வாட்டிகனையும் தனி நாடாகச் சேர்த்துக்கொண்டால் நான்கு. பாரிஸிலிருந்து பாசெல் வரை அதிவேக ரயிலில் சுமார் 3 மணி நேரம், அங்கிருந்து லூசெர்னுக்கு ஒரு மணி நேரம். லூசெர்னிலிருந்து மிலானுக்குச் செல்லும் ரயில்களில் பெரும்பாலானவை, 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கத்தின் வழியாக ஆல்ப்ஸ் மலையைக் கடக்கின்றன. சுரங்கத்துக்குள் நுழையும்வரை ஜெர்மன் மொழியில் இருந்த நிலையப் பெயர்கள், வெளியே வந்ததும் இத்தாலிய மொழிக்கு மாறியிருப்பதைப் பாருங்கள். நாடு இன்னும் சுவிட்சர்லாந்துதான். மிலானில் ரயில் மாறினால் வெனிஸுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதன்பின் எல்லாம் குறுகிய பயணங்கள்: வெனிஸிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அங்கிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம்.

இப்படி நிதானமாகப் போகும்போதுதான் ஓர் ஊரில் பார்த்தது இன்னோர் ஊரில் பார்த்ததோடு சேரும். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தை ஒட்டித் துய்லெரி என்ற பெரிய தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 ஆகஸ்ட் 10 அன்று, அங்கிருந்த அரண்மனையைக் காவல் காத்த சுவிஸ் வீரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அரண்மனை இன்று இல்லை; மக்கள் நாற்காலி போட்டு வெயில் காய்கிறார்கள். இரண்டு நாள் கழித்து லூசெர்னுக்குப் போனால், செங்குத்தான பாறையில் செதுக்கப்பட்ட ஒரு சிங்கம், முதுகில் பாய்ந்த ஈட்டியோடு உயிர் பிரியும் நிலையில் படுத்திருக்கிறது. அது அந்த வீரர்களுக்காக 1821-இல் எழுப்பிய நினைவுச் சின்னம். அதன் முகத்தில் உள்ள வேதனையை அருகில் நின்று பார்க்க வேண்டும். பாரிஸ் தோட்டத்தில் நடந்த கால்களோடு அங்கே போய் நிற்பவர்களுக்கு அந்தச் சிங்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாதத்தைப் பொறுத்தவரை, பள்ளி விடுமுறைக் கட்டாயம் உங்களுக்கு இல்லாததால், மே அல்லது செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்ட் நடுவில் இத்தாலியில் வெயிலும் கடுமை; உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சிறு கடைகள் பலவும் விடுமுறைக்காக மூடியிருக்கும். மே மாதக் கடைசியில் பாரிஸில் இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. மாலையில் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு செய்ன் நதிக்கரைப் படிகளில் ஆறு பேரும் உட்காருங்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் ஈஃபிள் கோபுரம் முழுவதும் விளக்குகள் மின்னும். அதற்குக் கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் போகிறோம். மூவர் தமிழ்நாட்டில் இருக்கிறோம். ஒருவர் துபாயில் வேலை பார்க்கிறார். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றுக்கும் தனித்தனி விசா வேண்டுமா? லண்டனையும் சேர்க்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: மூன்று நாடுகளும் ஷெங்கன் ஒப்பந்தத்துக்குள் வருவதால் ஒரே விசா போதும். தற்போது 29 நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம். விசா எளிதாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வேறொரு நாட்டிடம் விண்ணப்பித்துவிட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். விடுதி முன்பதிவுகளும் பயண நிரலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள்.

துபாய் நண்பர் தாம் வசிக்கும் நாட்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நால்வரும் ஒரே பயண நிரலை இணைப்பது நல்லது. பயணத்துக்கு 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் கோடைக் காலத்தில் கைரேகை கொடுப்பதற்கான தேதி கிடைப்பதே கடினம் என்பதால், மூன்று மாதம் முன்னதாகவே வேலையைத் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

லண்டனுக்கு இந்த விசா செல்லாது. பிரிட்டனுக்கு வேறு விசா, வேறு கட்டணம், வேறு காத்திருப்பு. நால்வரில் ஒருவருக்கு அது தாமதமானாலும் எல்லோருடைய பயணமும் தடுமாறும் என்பதால், முதல் பயணத்தில் லண்டனை விட்டுவிடச் சொல்வேன்.

கேள்வி: எங்கள் குழுவில் மூன்று பேர் முழு சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டார்கள். மற்ற இருவருக்கு எதுவும் பிரச்சினை இல்லை. தினமும் உணவகம் தேடுவதிலேயே சண்டை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஊரிலிருந்து என்னென்ன கொண்டுபோகலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சண்டை வராமல் இருக்க ஒரே வழி, பசி வருவதற்கு முன்பே எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்துவிடுவதுதான். இத்தாலியிலும் பிரான்சிலும் பல உணவகங்களில் மதியம் இரண்டரை, மூன்று மணிக்குச் சமையலறையை மூடிவிட்டு, இரவு ஏழு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். நான்கு மணிக்கு ஐந்து பேர் பசியோடு தெருவில் நிற்கும்போதுதான் கோபம் வெடிக்கிறது.

பெயரைப் பார்த்துச் சைவம் என்று நம்பி ஏமாறக்கூடிய சில உணவுகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சு வெங்காய சூப் வழக்கமாக மாட்டு எலும்புச் சாற்றில் செய்யப்படுவது. இத்தாலியின் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். பாஸ்தாவின் மேல் கேட்காமலேயே அதைத் துருவிப் போட்டுவிடுவார்கள். சுவிஸ் நாட்டு ஃபாண்டு வெறும் சீஸ் குழம்பு போலத் தெரிந்தாலும், அதில் வெள்ளை ஒயின் சேர்த்திருப்பார்கள். கண்டிப்பான சைவர்களுக்கு நிம்மதியான உணவு மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓமத்தை நினைவூட்டும் ஒரு மூலிகை, ஆலிவ் எண்ணெய் இவைதாம், சீஸே கிடையாது. விலையும் குறைவு. உங்களுக்கு எது ஆகாது என்பதைப் பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பணியாளரிடம் காட்டினால், பெரும்பாலும் அக்கறையோடு உதவுவார்கள்.

பாரிஸில் ஒரு வேளையாவது லா ஷப்பேல் பகுதிக்குப் போய்ச் சாப்பிடுங்கள். வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஈழத்திலிருந்து போரினால் புலம்பெயர்ந்த தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. தமிழ்ப் பெயர்ப் பலகைகள், நகைக்கடைகள், புடைவைக் கடைகள், தோசையும் வடையும் கொத்து ரொட்டியும் விற்கும் உணவகங்கள் என ஒரு தெரு முழுக்க நம் மொழி கேட்கும். அங்கே மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியை ஒட்டி நடக்கும் அதன் தேரோட்டத்தைப் பார்க்கப் பிரெஞ்சுக்காரர்களும் திரளாக வருகிறார்கள். எத்தனை இழப்புகளுக்குப் பிறகு அந்தத் தெரு எழுந்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, படம் எடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஊரிலிருந்து முறுக்கு, தட்டை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் ஆகியவற்றைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால், நெய் போன்றவற்றைப் பயணிகள் எடுத்துவரக் கூடாது என்று விதி இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையையும் பெரும்பாலான பழங்களையும் உரிய சான்றிதழ் இல்லாமல் எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே நெய் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விடுதி அறையில் மின்னடுப்பு வைத்துத் தாளிக்கவும் வேண்டாம். புகையுணர் கருவி அலறினால் மாடி முழுவதும் காலி செய்ய வேண்டிவரும், அபராதமும் விழும். சமைக்க ஆசை இருந்தால், சமையலறையுள்ள அடுக்ககத்தை வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் பனிமலை பார்க்க யுங்ஃப்ராயோக் போவதா, டிட்லிஸ் போவதா என்று எங்கள் நண்பர்களுக்குள் வாக்குவாதம். இரண்டுக்கும் கட்டணம் தலையைச் சுற்றுகிறது. எது உண்மையிலேயே அந்தக் காசுக்குப் பெறும்?
– வாசகர், திருச்சி

பதில்: எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்டர்லாக்கன் பக்கம் தங்கினால் யுங்ஃப்ராயோக். லூசெர்னில் தங்கினால் டிட்லிஸ். லூசெர்னிலிருந்து எங்கல்பெர்குக்கு ரயிலில் முக்கால் மணி நேரத்தில் போய், அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் ஏறிவிடலாம். கடைசிப் பகுதியில் ஊர்தியே மெதுவாகச் சுழல்வதால், யார் எந்தப் பக்கம் நிற்பது என்ற போட்டிக்கு இடமில்லை. யுங்ஃப்ராயோக்குக்கு லூசெர்னிலிருந்து போய்வருவதென்றால் பகல் முழுவதும் ஓடிவிடும்.

யுங்ஃப்ராயோக்கின் பெருமை அதன் ரயில் பாதையில் இருக்கிறது. 1896-இல் வேலையைத் தொடங்கி, ஐகர், மோங்க் என்னும் இரண்டு மலைகளின் உள்ளே குடைந்து, 1912-இல் 3,454 மீட்டர் உயரத்துக்கு ரயிலைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம் அதுதான். மேலே நின்றால் ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறான அலெட்ச், 20 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில் வளைந்து இறங்குவதைப் பார்க்கலாம். அது ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதையும் எண்ணும்போது, பார்க்க வாய்ப்புள்ளவர்கள் பார்த்துவிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இரண்டுக்கும் பொருந்தும் ஒரு நிபந்தனை வானிலை. மேகம் மூடிய நாளில் மேலே போனால் வெள்ளைச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது. மலையுச்சிகளில் பொருத்திய கேமராக்களின் நேரலைப் படத்தைக் காலையில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதற்காகவே லூசெர்னில் குறைந்தது 3 இரவு தங்கச் சொல்கிறேன். மேலே காற்று மெலிந்திருக்கும். படிகளில் ஓடாமல் மெல்ல நடக்க வேண்டும். இதய நோயோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளாமல் ஏறக்கூடாது.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ரீகி மலைக்குப் போங்கள். 1,798 மீட்டர்தான், கோடையில் பனி இருக்காது. ஆனால் லூசெர்னிலிருந்து ஏரிப் படகில் விட்ஸ்நாவ் வரை போய், அங்கிருந்து 1871-இல் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் மலை ரயில்பாதையில் ஏறும் அந்த நாள் முழுக்க அழகானது. சுவிஸ் நாட்டின் ரயில், பேருந்து, படகுகளுக்கான பொதுப் பயணச்சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கியிருந்தால் படகும் மலை ரயிலும் அதிலேயே அடங்கும். யுங்ஃப்ராயோக்குக்கும் டிட்லிஸுக்கும் அந்தப் பாஸில் தள்ளுபடி மட்டுமே உண்டு. மாட்டு மணிச் சத்தம் கேட்கும் புல்வெளிப் பாதையில் பாதித் தூரம் நடந்து இறங்கலாம். பணம் அதிகம் செலவழித்த இடத்தைவிட இங்கேதான் நண்பர்கள் அதிகம் சிரிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: பள்ளி நண்பர்கள் ஐந்து பேர். சென்ற ஆண்டு கோவா போனபோது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கில் மனத்தாங்கல் வந்துவிட்டது. ஐரோப்பாவில் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விமானம், விடுதி, நகரங்களுக்கிடையிலான ரயில் ஆகிய மூன்றையும் ஊரிலிருந்தே பணம் கட்டி, கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். பயணத்தில் மிஞ்சுவது உணவு, நகரப் போக்குவரத்து, நுழைவுக் கட்டணம் ஆகியவைதாம். இவற்றில் எல்லோருக்கும் பொதுவான செலவுக்கு, ஒரே அளவு யூரோவை ஒவ்வொருவரும் பொதுப் பணப்பையில் போட்டு, ஒருவரைக் காசாளராக வையுங்கள். பை காலியானால் மறுபடி ஒரே அளவு போட வேண்டும். காசாளரை ஒவ்வோர் ஊரிலும் மாற்றினால், அந்தப் பொறுப்பின் பாரம் எல்லோருக்கும் புரியும்.

பொதுப் பையிலிருந்து எதற்குக் கொடுப்பதில்லை என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மது அருந்தாதவர் மற்றவர்களின் ஒயினுக்குப் பங்கு கொடுப்பதும், தோசைக்கடைக்குப் போய்விட்டு வந்தவர் மற்றவர்களின் இறைச்சி உணவுக்குப் பங்கு கொடுப்பதும் நியாயமில்லை. ஆனால் அவராக வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுவார். வருமானம் குறைந்த நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். விலை அதிகமான எதையும், “வருகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் ஏரிக்கரையில் இருக்கலாம்” என்ற முறையில் வைத்தால் அவருடைய மானம் காக்கப்படும்.

கடையிலோ பணம் எடுக்கும் இயந்திரத்திலோ அட்டையைப் போடும்போது, ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் வழக்கமாக நமக்கு நட்டம். சுவிட்சர்லாந்தின் நாணயம் யூரோ இல்லை, ஃபிராங்க். இத்தாலிய உணவக ரசீதில் தலைக்கு இரண்டு, மூன்று யூரோ கூடுதலாக இருந்தால், அது மேசையில் அமர்ந்து சாப்பிடுவதற்கான வழக்கமான கட்டணம். ஏமாற்று என்று எண்ணி வாதிட வேண்டாம். விடுதிகளில் நகராட்சி வரியாகத் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவதும் அங்கே நடைமுறை.

கேள்வி: வெனிஸுக்குள் நுழையவே கட்டணம் என்கிறார்களே, உண்மையா? கோண்டோலாப் படகில் ஆறு பேர் ஏறலாமா?
– வாசகி, சேலம்

பதில்: உண்மைதான். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து இரவு தங்காமல் திரும்புகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். நகரில் இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டியதில்லை; ஆனால் விலக்குக்காக இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணத்துக்காக இல்லாவிட்டாலும் அங்கே தங்கத்தான் வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் சுற்றுலாக் கூட்டம் வடிந்த பிறகு, சுவரில் கால்வாய்த் தண்ணீர் மோதும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லாத சந்துகளில் நடப்பதுதான் வெனிஸ். கார், பைக் எதுவும் ஊருக்குள் இல்லை என்பதை அப்போதுதான் காது உணரும்.

கோண்டோலாவில் 5 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. நகரம் நிர்ணயித்த கட்டணம், பகலில் அரை மணி நேரத்துக்கு ஒரு படகுக்கு 90 யூரோ, இரவில் 110. ஆறு பேருக்கு இரண்டு படகு வேண்டும். அதற்குப் பதிலாக, பெரிய கால்வாயை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடக்க உதவும் டிரகெட்டோ என்ற பொதுப் படகில் இரண்டு யூரோவுக்குப் போகலாம். பயணம் இரண்டே நிமிடம்தான். பெரிய கால்வாய் முழுவதையும் பார்க்க, முதல் எண் நீர்ப்பேருந்தில் ஏறி முன்புற இருக்கையைப் பிடியுங்கள். 1591-இல் கட்டி முடித்த ரியால்டோ பாலத்தின் கீழே அது நுழையும்போது, எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

கேள்வி: எனக்கு வரலாற்றில் ஈடுபாடு. என் மூன்று நண்பர்களுக்குக் கடைவீதியும் ஐஸ்கிரீமும் போதும். ரோமில் மூன்று நாட்கள் இருக்கிறோம். அவர்களை இழுத்துக்கொண்டு போவதா, என் ஆசையை விட்டுக்கொடுப்பதா?
– வாசகர், கரூர்

பதில்: இரண்டும் வேண்டாம். ஒரு பகலுக்குப் பிரிந்துபோய், மாலையில் ஓரிடத்தில் கூடுங்கள். நண்பர்களோடு வந்துவிட்டுத் தனியே போவதா என்று நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். விருப்பமில்லாமல் வெயிலில் இடிபாடுகளுக்கிடையே நடக்கும் நண்பர், உங்கள் மகிழ்ச்சியையும் சேர்த்துக் குறைத்துவிடுவார். பிரிந்து போனவர்கள் இரவு உணவின்போது அவரவர் பார்த்ததைச் சொல்லும் சுவை வேறு.

கரூரிலிருந்து ரோமுக்குப் போகிற உங்களுக்கு அங்கே தனி உரிமையே இருக்கிறது. கரூரிலும் கோவை வட்டாரத்திலும் ரோமானியப் பொன், வெள்ளி நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து மிளகு கப்பலேறியது. அதற்கு விலையாகப் பொன் வந்தது. பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமானிய மன்றத்தின் (ஃபோரம்) இடிபாடுகளுக்குள் மாக்சென்டியஸ் பெருமண்டபம் என்று மூன்று பெரிய வளைவுகள் நிற்கும். அந்த இடத்தில் அதற்கு முன்பு இருந்தவை, டொமிஷியன் பேரரசர் காலத்து மிளகுக் கிடங்குகள். கொலோசியம் பார்க்கவரும் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் சற்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கொலோசியத்தின் நுழைவுச்சீட்டிலேயே மன்றமும் அடக்கம். அது நேரம் குறித்து, பெயர் பொறித்துத் தரப்படுவதால், முன்பதிவில் கொடுத்த பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

ஆனால் ஓரிடத்துக்கு மட்டும் நண்பர்களையும் கட்டாயம் அழைத்துப் போங்கள்: பாந்தியன். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் ஹேட்ரியன் காலத்தில் எழுந்த கோயில் அது. 43 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை ஒரு கம்பிகூட இல்லாமல் கற்காரையிலேயே (கான்கிரீட்) வார்த்திருக்கிறார்கள். கம்பி வைக்காத காரைக் குவிமாடங்களில் இன்றும் உலகில் அதுவே பெரியது. உச்சியில் திறந்த வட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வழியே விழும் வெயில் வட்டம், நேரத்துக்கு ஏற்பச் சுவரில் நகர்ந்துகொண்டே போகும். மழை பெய்தால் மழையும் உள்ளே விழும். தரை நடுவில் சற்றே மேடாகவும், பளிங்குத் தளத்தில் நீர் வடியச் சிறு துளைகளோடும் இருப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். வரலாற்றில் ஆர்வமே இல்லாதவர்களும் அங்கே அண்ணாந்தபடி நின்றுவிடுவார்கள். வெளியே வந்தால் ஐஸ்கிரீம் கடைகளுக்கும் பஞ்சமில்லை.

கேள்வி: பாரிஸில் எங்களுக்கு திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாட்களே உள்ளன. எதை எப்போது பார்ப்பது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஆர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எனவே லூவரைத் திங்களன்றோ புதனன்றோ வைத்துக்கொண்டு, ஆர்சேயைச் செவ்வாயன்று பாருங்கள். 2019 ஏப்ரல் 15 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர் தாம் தேவாலயத்துக்கு நுழைவு இலவசம்; காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. புதிதாகச் சுத்தம் செய்த சுண்ணாம்புக் கல்லின் வெளிர் நிறம், பழைய படங்களில் இருண்டு தெரிந்த அந்த உட்புறத்தை அடியோடு மாற்றியிருக்கிறது.

கேள்வி: ஆம்ஸ்டர்டாம் துலிப் தோட்டத்தைப் பார்க்க ஜூலையில் போகலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஜூலையில் துலிப் பூக்கள் இருக்காது. கோய்கென்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை மட்டுமே திறந்திருக்கும். ஏப்ரல் நடுப்பகுதி பெரும்பாலும் நல்ல காலம். ஜூலையில்தான் போக முடியும் என்றால் கால்வாய்களுக்காகவும், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் இல்லத்துக்காகவும் போங்கள். அந்த இல்லத்தின் நுழைவுச்சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும். ஆறு வாரம் முன்னதாக, செவ்வாய்க்கிழமைதோறும் விற்பனையைத் திறக்கிறார்கள். அன்றே எடுத்துவிடுங்கள். சாலையோரம் செந்நிறத்தில் இருப்பது சைக்கிள் பாதை. நின்று படம் எடுக்க அது இடமில்லை.

கேள்வி: இளம்பெண்கள் நான்கு பேர் போகிறோம். பிக்பாக்கெட் பயம் பற்றி வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இரவில் வெளியே போகலாமா?
– வாசகி, சென்னை

பதில்: நீங்கள் போகும் பெரிய நகரங்களின் மையப்பகுதிகளில், மக்கள் நடமாட்டம் உள்ள தெருக்களில், இரவு உணவு முடித்துச் சேர்ந்து நடந்து வருவதில் பொதுவாக அச்சப்பட ஏதுமில்லை. வன்முறையைவிடக் கைத்திருட்டுதான் அங்கே சுற்றுலாப் பயணிகளை அதிகம் பாதிக்கிறது. மெட்ரோவில் கதவு மூடும் கணத்தில், கதவருகே நிற்பவரின் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டுபவர்களும், பாரிஸின் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் நட்போடு கையில் கயிறு கட்ட வருபவர்களும் கவனத்தைத் திருப்பத்தான் அப்படிச் செய்கிறார்கள். பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள்.

நால்வருடைய பாஸ்போர்ட்டும் பணமும் ஒரே பையில் இருக்கக் கூடாது. ஒருவர் பையைத் திறக்கும்போது இன்னொருவர் அருகில் பார்த்து நிற்கட்டும். பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகலை ஒருவருடையதை இன்னொருவர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் ரசீது வாங்கி, பிறகு இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். வழி தவறினால் எங்கே கூடுவது என்பதைக் காலையிலேயே பேசிவையுங்கள். போன் இல்லாதபோதும் அது உதவும்.

கேள்வி: ரயிலிலேயே ஊர் ஊராகப் போவதென்றால், எவ்வளவு சாமான் எடுத்துப் போகலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்களால் தனியாக இரண்டு மாடி தூக்க முடிந்த அளவு. அங்கே போர்ட்டர் கிடையாது. ரயில் சில நிமிடங்களே நிற்கும். பழைய கட்டடங்களில் உள்ள விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் இல்லை, இருந்தாலும் ஓர் ஆளும் ஒரு பெட்டியும்தான் நுழையும். வெனிஸில் நிலையத்திலிருந்து விடுதி வரை பாலத்துக்குப் பாலம் படி ஏறி இறங்க வேண்டும். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டியும் ஒரு முதுகுப் பையும் போதும். துணியைப் பாதிப் பயணத்தில், லூசெர்னிலோ வெனிஸிலோ, காசு போடும் சலவைக் கடையில் எல்லோருடையதையும் சேர்த்துத் துவைத்துவிடலாம். தோள்களையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஒன்றாவது மேலாக இருக்கட்டும். வாட்டிகனிலும் பல தேவாலயங்களிலும் அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காலணி மட்டும் புதிதாக வேண்டாம். ஊரில் ஒரு மாதமாவது போட்டு நடந்து பழகியதையே எடுத்துச் செல்லுங்கள்.